நிறையும் மாற்றும்: கைபர் கழுத்தணி முதல் 916 முத்திரை வரை

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு (628) கைபர் வெற்றியின்போது நிகழ்ந்த ஒரு கொடுக்கல் வாங்கலை ஃபழாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அன்று அவர்கள் பன்னிரண்டு தீனார் கொடுத்து ஒரு கழுத்தணியை வாங்கினார்கள். அதில் பொன்னும் இருந்தது, மணிகளும் கோக்கப்பட்டிருந்தன. பின்னர் பொன்னையும் மணியையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, பொன் மட்டுமே பன்னிரண்டு தீனாருக்கு மேல் இருக்கக் கண்டார்கள். செய்தியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தெரிவித்தார்கள். பிரித்தறியாமல் அத்தகைய அணியை விற்கலாகாது என்பது அண்ணலாரின் கட்டளையாக அமைந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்த நபிமொழி, வட்டி பற்றிய சட்ட விவாதங்களில் நம் இமாம்கள் மீண்டும் மீண்டும் எடுத்தாளும் சான்றாகும்.

சட்டத்திற்கு அப்பால் அறிவியல் நோக்கில் பார்த்தாலும் அந்தக் கழுத்தணி ஒரு பெரிய உண்மையைச் சொல்கிறது. ஒரு பொருளைத் தராசில் வைத்து அதன் நிறையை அறிவது ஒன்று. அந்நிறையில் நாம் விரும்பும் பொருள் எத்தனை பங்கு என்பதை அறிவது மற்றொன்று. முதலாவதைத் தராசு சொல்லிவிடும். இரண்டாவதைத் தராசு தானாகச் சொல்லாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் நாணயங்கள் மதிப்பிழந்ததுண்டு. ஏழையின் பங்கு குறைந்ததுண்டு. மருந்தே நஞ்சானதும் உண்டு. இந்த வேறுபாட்டை இஸ்லாமிய உலகம் நாணயச் சாலையிலும், சட்ட நூலிலும், ஆய்வறையிலும், மருந்தகத்திலும் எவ்வாறு கையாண்டது என்பதையும், இன்று நம் வீட்டுப் பெட்டியிலுள்ள பொன்னுக்கு அது எவ்வாறு பொருந்துகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இரண்டு கேள்விகள்

நிறை என்பது பொருளின் அளவு. கிராம், மிஸ்கால், திர்ஹம், கழஞ்சு, தோலா ஆகியவை அதன் அலகுகள். நிறைக்கு ஓர் எளிய இயல்பு உண்டு: அதைக் கூட்டலாம். பத்து கிராமுடன் பத்து கிராம் சேர்ந்தால் இருபது கிராம்.

செறிவு என்பது பொருளின் அளவன்று. ஒரு கலவைக்குள் ஒரு பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள உறவு. அதைக் கூட்ட இயலாது. ஒரே அளவு இனிப்புள்ள இரு குவளைச் சர்க்கரை நீரை ஒன்றாக ஊற்றினால் நீரின் அளவு இரு மடங்காகும். இனிப்பு இரு மடங்காகாது. கடல் நீரில் ஒரு கரண்டி எடுத்தாலும் ஒரு குடம் எடுத்தாலும் உவர்ப்பு ஒன்றே. பத்து 22 காரட் வளையல்களைச் சேர்த்து வைத்தால் அவற்றின் எடை கூடுமே தவிர, காரட் 220 ஆகிவிடாது.

பொன்னின் செறிவுக்குத் தமிழில் அழகிய சொல் ஒன்று உண்டு: மாற்று. எடை குறைந்த பொன் என்பதும் மாற்றுக் குறைந்த பொன் என்பதும் ஒன்றல்ல என்பதை நம் முன்னோர் மொழியிலேயே பிரித்து வைத்திருந்தனர்.

சந்தையில் நடக்கும் மோசடியும் இவ்வாறே இருவகைப்படும். அளவிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கடுமையாகக் கண்டித்தே அல்முதஃப்பிஃபீன் என்னும் அத்தியாயம் தொடங்குகிறது. இது முதல்வகை மோசடியைப் பற்றியது. மற்றொரு நிகழ்ச்சியில், மதீனத்துச் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வணிகர் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அண்ணலார் எச்சரித்தார்கள். இங்கே அளவில் குறை இல்லை. குவியலுக்குள் என்ன இருக்கிறது என்பதே மறைக்கப்பட்டது. பிற்காலத்தில் சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்காக எழுதப்பட்ட ஹிஸ்பா கையேடுகள் இவ்விரு கடமைகளையும் அருகருகே வைத்துப் பேசுகின்றன. எடைக்கற்களைச் சரிபார்ப்பது ஒரு கடமை. பாலில் நீரும் விலையுயர்ந்த பொருளில் மலிவானதும் கலக்கப்பட்டுள்ளனவா என்று சோதிப்பது மற்றொரு கடமை.

ஒரு விதை, இரண்டு பொருள்

இவ்விரு கருத்துகளும் எவ்வளவு எளிதில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்பதற்குக் காரட் என்ற சொல்லே சான்று. நகைக்கடையில் அரை காரட் வைரம் பதித்த 18 காரட் மோதிரம் என்கிறோம். ஒரே வாக்கியத்தில் வரும் இந்த இரு காரட்டும் வெவ்வேறு. வைரத்தின் காரட் நிறையின் அலகு; 1907இல் கூடிய எடை அளவைகளின் பொது மாநாட்டில் அது 200 மில்லிகிராம் என வரையறுக்கப்பட்டது. ஆகவே அரை காரட் வைரம் 100 மில்லிகிராம் நிறையுள்ளது. பொன்னின் காரட்டோ நிறையே அன்று. இருபத்து நான்கில் ஒரு பங்கு என்னும் விகிதம் மட்டுமே. 18 காரட் என்றால் நான்கில் மூன்று பங்கு பொன்.

இச்சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. மத்தியதரைக் கடற்பகுதியில் வளரும் ஒரு மரத்தின் நெற்று விதையைக் கிரேக்கர் கெராத்தியோன் என்றனர். அவ்விதை சிறு நிறைகளை அளக்கப் பயன்பட்டது. அரபியர் அதையே கீராத் என்றனர். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட சாலிடஸ் என்னும் பொற்காசு, ஒரு ரோம இராத்தலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு நிறையுள்ளது. அது இருபத்து நான்கு விதைகளுக்குச் சமமாகக் கொள்ளப்பட்டது. அத்தகைய ஒரு காசில் இருபத்திரண்டு விதை நிறைக்குப் பொன்னும் இரண்டு விதை நிறைக்கு மற்ற உலோகமும் இருந்தால், அது இருபத்திரண்டு விதைப் பொன். காலப்போக்கில் காசு மறைந்தது. இருபத்து நான்கு என்ற எண் நிலைத்தது. நிறையின் அலகாகப் பிறந்த சொல் விகிதத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. தீனார், திர்ஹம் என்னும் சொற்களுக்கும் இதே இரட்டை வாழ்வு உண்டு. அவை காசின் பெயர்கள். அதே நேரத்தில் நிறையின் பெயர்களும் ஆகும்.

கலீஃபாவின் சீர்திருத்தம்

இஸ்லாமிய ஆட்சியின் தொடக்க காலத்தில் பைஸாந்திய பொற்காசுகளும் பாரசீக வெள்ளிக்காசுகளும் அவற்றைப் பின்பற்றி அடிக்கப்பட்ட காசுகளுமே புழக்கத்தில் இருந்தன. திர்ஹங்கள் பல நிறைகளில் வழங்கின. உமைய்யா கலீஃபா அப்துல் மலிக் (ஆட்சிக்காலம் 685–705) இந்நிலையை மாற்றினார். ஹிஜ்ரி 77இல் (696–97) உருவங்கள் இன்றி எழுத்துகளை மட்டும் தாங்கிய தீனாரும், ஹிஜ்ரி 79இல் (698–99) அதே முறையிலான திர்ஹமும் வெளிவந்தன. தீனார் ஒரு மிஸ்கால், அதாவது ஏறத்தாழ 4.25 கிராம். பத்து திர்ஹம் ஏழு மிஸ்காலுக்குச் சமம் என்ற விகிதம் நிலைபெற்றது. அக்கணக்குப்படி ஒரு திர்ஹம் 2.975 கிராம். பொன்னின் நிஸாப் இருபது மிஸ்கால், வெள்ளியின் நிஸாப் இருநூறு திர்ஹம் என்பவை இன்று 85 கிராம், 595 கிராம் என எழுதப்படுவது இக்கணக்கினால்தான்.

இச்சீர்திருத்தத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் காசின் எழுத்துகளையும் நிறையையும் மட்டுமே வியந்து பேசுவர். அதன் மற்றொரு பாதி தூய்மை. உமைய்யா தீனார்களை இக்காலக் கருவிகளால் சோதித்தவர்கள், அவற்றில் மிகப் பெரும்பாலும் தூய பொன்னே இருப்பதைக் கண்டுள்ளனர். நிறை நிலைத்திருந்து, மாற்றும் நிலைத்திருந்ததால்தான் அந்தக் காசு நாடு கடந்தும் மதிக்கப்பட்டது.

காசின் நிறையைச் சோதிப்பது எளிது. எகிப்தில் இதற்கெனக் கண்ணாடி எடைக்கற்கள் வார்க்கப்பட்டன. மாற்றைச் சோதிப்பது எங்ஙனம்? அய்யூபிய சுல்தான் அல்காமிலின் (1218–1238) காலத்தில் எகிப்திய நாணயச் சாலையில் பணியாற்றிய மன்ஸூர் இப்னு பஃரா என்பவர், அந்தச் சாலையின் தொழில் நுட்பங்களை விளக்கித் தனி நூலே எழுதியுள்ளார். பொன்னை நெருப்பிலிட்டுப் புடமிடும் முறைகள் அதில் விரிவாக உள்ளன. புடச் சோதனையின் அடிப்படை எளிதானது. மாதிரியை முதலில் நிறுக்க வேண்டும். புடமிட்டு மற்ற உலோகங்களை நீக்க வேண்டும். எஞ்சிய பொன்னை மீண்டும் நிறுக்க வேண்டும். இரண்டாம் நிறையை முதல் நிறையால் வகுத்தால் கிடைப்பதே மாற்று. ஆக, மாற்று என்பது இரண்டு நிறைகளின் விகிதம். வகுக்கும்போது மிஸ்காலும் கிராமும் மறைந்து வெறும் எண்ணே எஞ்சுகிறது. நிறைக்கு அலகு இருக்க, மாற்றுக்கு அலகு இல்லாமற்போன காரணம் இதுவே.

நிறை மாறாத காசு, மாற்றுக் குறைந்த காசு

அரசுக்குப் பணமுடை நேர்ந்தால் காசின் நிறையைக் குறைப்பதைவிட மாற்றைக் குறைப்பதே மறைவானது. நிறை குறைந்தால் எந்த வணிகரின் தராசும் காட்டிக்கொடுக்கும். வெள்ளியில் செம்பைக் கலந்தால் தராசு மௌனமாக இருக்கும். எகிப்திய வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ (1364–1442) நாணயங்களைப் பற்றி எழுதியவற்றில் இம்மாற்றங்களைப் பதிவு செய்துள்ளார். ஹிஜ்ரி 622இல் (1225) சுல்தான் அல்காமில் வெளியிட்ட திர்ஹத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளி. ஒரு பங்கு செம்பு. பின்னர் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் (ஆட்சிக்காலம் 1260–1277) வெளியிட்ட ழாஹிரீ திர்ஹத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு வெள்ளி. முப்பது பங்கு செம்பு. மக்ரீஸீயின் சொந்தக் காலத்தில், வெள்ளி அருகிச் செப்புக்காசுகளே சந்தையை ஆட்கொண்டன. எகிப்தைப் பஞ்சமும் விலையேற்றமும் வாட்டிய அந்நாளில், 1405ஐ ஒட்டி அவர் எழுதிய சிறுநூல், நாணயச் சீர்கேட்டை மக்கள் துயரத்தின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

அரசு செய்த இந்த மாற்றம் அறிஞர்கள் முன் ஒரு கேள்வியை நிறுத்தியது. ஒருவரிடம் இருநூறு காமிலீ திர்ஹம் இருக்கிறது. எண்ணிக்கை சரி, நிறை சரி என்றே கொள்வோம். அவர் மீது ஜகாத் கடமையா?

ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர் இமாம் நவவீ (1233–1277) பைபர்ஸின் சமகாலத்தவர், டமாஸ்கஸில் கற்பித்தவர், சுல்தான் மறைந்த அதே ஆண்டில் மறைந்தவர். மாற்றுக் குறைந்த காசுகள் அவர் காலத்துச் சந்தையில் அன்றாடம் புழங்கின. கலப்புள்ள காசில் உள்ள தூய பகுதி நிஸாபை எட்டும் வரை ஜகாத் இல்லை என்பது அவர் தம் மின்ஹாஜ் நூலில் எழுதிய மத்ஹபின் நிலை. இதன்படி இருநூறு காமிலீ திர்ஹத்தில் உள்ள வெள்ளி 133 திர்ஹத்துக்குச் சற்றே அதிகம். எனவே முந்நூறு திர்ஹம் சேர்ந்தால்தான் நிஸாப் நிறையும். ழாஹிரீ திர்ஹமாயின் 286 வேண்டும்.

ஃபர்கானாவைச் சேர்ந்த ஹனஃபி அறிஞர் அல்மர்கீனானீ (மறைவு 1197) தம் ஹிதாயா நூலில் வேறு அளவுகோலை விளக்குகிறார். வெள்ளி மிகுந்திருக்கும் காசு வெள்ளியாகவே கருதப்படும். மற்ற உலோகம் மிகுந்திருந்தால் அது வணிகச் சரக்கின் நிலையைப் பெறும். சிறிதளவேனும் கலப்பின்றித் திர்ஹத்தை அடிப்பது இயலாது என்பதால், பாதிக்கு மேல் இருப்பதே வரம்பாக்கப்பட்டது. இதன்படி காமிலீ திர்ஹம் இருநூறே நிஸாபை நிறைத்துவிடும்.

இவ்விரு நிலைகளுள் எதுவும் செறிவைப் புறக்கணிக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. ஷாஃபிஈ சட்டம் செறிவை நிறையால் பெருக்கித் தூய பொருளின் நிறையைக் காண்கிறது. ஹனஃபி சட்டம் செறிவை ஒரு வாயிலாகக் கொள்கிறது. வாயிலைக் கடந்துவிட்டால் மொத்த நிறையே கணக்கு. முன்னது துல்லியத்தைக் கருதியது. பின்னது, புடமிடும் உலையைத் தன் வீட்டில் வைத்திருக்க முடியாத சாதாரண மனிதரின் நடைமுறையைக் கருதியது.

உருக்காமல் அறிதல்

புடச் சோதனையில் ஒரு குறை உண்டு. மாதிரியை அழித்துத்தான் விடை பெற முடியும். அழகிய வேலைப்பாடுள்ள பொற்கிண்ணத்தை உருக்காமலேயே அதன் மாற்றை அறிய இயலுமா? மத்திய ஆசியாவின் அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக இக்கேள்வியுடன் போராடினர்.

அபூ ரைஹான் அல்பீரூனீ (973–1048) சமநிறையுள்ள உலோகங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு நீரை வெளியேற்றுகின்றன என்று தனிக் கலம் அமைத்து அளந்தார். நூறு மிஸ்கால் பொன் வெளியேற்றும் நீர் ஐந்தேகால் மிஸ்கால் என்று கண்டார். அதாவது பொன் நீரைவிட 19.05 மடங்கு அடர்ந்தது. இன்றைய மதிப்பு 19.3. வெள்ளிக்கு அவர் கண்டது ஏறத்தாழ 10.3, இன்றைய மதிப்பு 10.5.

உமர் கய்யாம் பொன்–வெள்ளிக் கலவையைப் பற்றி ஒரு சிறு ஆய்வு எழுதினார். அவருடைய காலத்தவரான அல்அஸ்ஃபிஸாரீ பொன்னின் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் தராசு ஒன்றை உழைத்து உருவாக்கிச் சுல்தானுக்கு அளித்தார். தன் கையாடல் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிய கருவூலக் காவலர் அதை உடைத்துவிட்டார் என்றும், அத்துயரத்திலேயே அறிஞர் உயிர்நீத்தார் என்றும் வரலாற்றாசிரியர் பைஹகீ எழுதுகிறார். சாதாரணத் தராசுக்கு அந்தக் காவலர் அஞ்சவில்லை. மாற்றைச் சொல்லும் தராசுக்கே அஞ்சினார்.

இம்மரபின் உச்சம் மர்வு நகரத்து அல்காஸினீ. கிரேக்க வம்சத்தைச் சேர்ந்தவர். அடிமையாக வந்து கல்வியால் உயர்ந்தவர். சுல்தான் ஸன்ஜருக்காக ஹிஜ்ரி 515இல் (1121–22) மீஸானுல் ஹிக்மா, அதாவது ஞானத் தராசு, என்ற நூலை எழுதினார். பல தட்டுகள் கொண்ட அவருடைய தராசில் பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுத்துக் கலப்பின் விகிதத்தை அறியலாம்.

முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நூறு மிஸ்கால் தூய பொன் 5.25 மிஸ்கால் நீரை வெளியேற்றும். நூறு மிஸ்கால் வெள்ளி 9.71 மிஸ்கால் நீரை வெளியேற்றும். நம் கையிலுள்ள நூறு மிஸ்கால் கிண்ணம் 6.5 மிஸ்கால் நீரை வெளியேற்றுகிறது எனக் கொள்வோம். பொன்னைவிட அதிகமாக வெளியேறியது 1.25. இரு உலோகங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 4.46. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.28. ஆகவே கிண்ணத்தில் 28 மிஸ்கால் வெள்ளி. 72 மிஸ்கால் பொன். காற்றில் நிறுத்தால் எதையும் சொல்லாத கிண்ணம் நீரில் நிறுத்தவுடன் உண்மையைச் சொல்லிவிடுகிறது. கலந்திருப்பவை இரண்டு உலோகங்களே என்பதும், அவை எவை என்பதும், உள்ளே வெற்றிடம் இல்லை என்பதும் தெரிந்திருந்தால்தான் இக்கணக்கு செல்லும்.

பத்தரையும் பன்னிரண்டும்

எளிய வணிகருக்கு நீர்த் தராசு எட்டாதது. அவருக்கு உரைகல் போதும். இந்தியாவில் உரைகற் கலை எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதை அக்பரின் அமைச்சர் அபுல் ஃபஸ்லின் ஆயினே அக்பரீ காட்டுகிறது. பல்வேறு மாற்றுள்ள பொன் துண்டுகளை வரிசையாகச் செய்துவைத்து, சோதிக்க வேண்டிய பொன்னின் கீற்றையும் அவற்றின் கீற்றையும் உரைகல்லில் ஒப்பிடும் முறையை அது விவரிக்கிறது. தூய பொன்னை ஈரானியர் பத்துப் படியாகவும் இந்தியர் பன்னிரண்டு படியாகவும் கணக்கிட்டனர் என்றும் அந்நூல் கூறுகிறது. சுல்தான் அலாவுத்தீனின் பொற்காசு பன்னிரண்டு என்று மக்கள் நம்பியிருக்க, அக்பர் காலச் சோதனையில் அது பத்தரை என்று தெரியவந்தது.

தமிழ் வாசகர் இங்கே சற்று நிற்க வேண்டும். பத்தரை மாற்றுத் தங்கம் என்பது நம் வழக்கில் குறையற்ற பொன்னைக் குறிக்கும் தொடர். முகலாயர் அளவிலோ பத்தரை என்பது எட்டில் ஏழு பங்கு, அதாவது 21 காரட். எண் ஒன்றே, பொருள் வேறு. நிறையைச் சொல்லும்போது எண்ணும் அலகும் போதும். செறிவைச் சொல்லும்போது முழுமைக்கு எந்த எண்ணை வைத்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தில் பத்து, பன்னிரண்டில் பன்னிரண்டு, இருபத்து நான்கில் இருபத்து நான்கு, ஆயிரத்தில் ஆயிரம் எல்லாம் ஒன்றே.

மருந்தின் எடையும் வீரியமும்

உலோகத்துக்குப் பொருந்துவது மருந்துக்கும் பொருந்தும். பாக்தாதின் தத்துவ அறிஞர் அல்கிந்தீ (மறைவு ஏறத்தாழ 873) கூட்டு மருந்துகளின் வீரியத்தைக் கணிதத்தால் காண முயன்றார். மருந்துகளின் வெம்மை, குளிர்ச்சி முதலிய குணங்களை நான்கு படிகளாகப் பிரிப்பது கேலன் வழிவந்த மருத்துவ மரபு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே உள்ள உறவு என்ன என்று கிந்தீ வினவினார். வெம்மையும் குளிர்ச்சியும் சமமானால் அது நடுநிலை. வெம்மை இரு மடங்கானால் முதற்படி. நான்கு மடங்கானால் இரண்டாம் படி. எட்டு மடங்கானால் மூன்றாம் படி. பதினாறு மடங்கானால் நான்காம் படி என்று வகுத்தார். பல மருந்துகளைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றின் எடையையும் படியையும் கொண்டு கூட்டு மருந்தின் படியைக் கணக்கிட்டார். லத்தீனில் பெயர்க்கப்பட்ட இந்நூல் ஐரோப்பிய மருத்துவத்தில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. இப்னு ருஷ்து (1126–1198) இதைக் கடுமையாக மறுத்தார்.

வெம்மை, குளிர்ச்சி என்ற கோட்பாடு இன்று நவீன மருந்தியலில் இல்லை. கிந்தீ எழுப்பிய கேள்வியின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. மருந்தின் எடையும் அதன் வீரியமும் வேறு என்பதையும், வீரியம் விகிதத்தைப் பொறுத்தது என்பதையும் அவர் தெளிவாகக் கண்டார்.

இன்று நம் வீடுகளில் இந்தத் தெளிவு உயிர் காக்கும். குழந்தைகளுக்கான பாரசிட்டமால் திரவம் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்ற செறிவுகளில் விற்கப்படுகிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ 1 மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் இருக்கலாம். முதல் திரவத்தில் ஒரு கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், கொடுத்துப் பழகிய தாய், சொட்டு மருந்தையும் அதே கரண்டியால் கொடுத்தால் குழந்தைக்குச் சேர்வது 125 மில்லிகிராம் அன்று, 500 மில்லிகிராம். கரண்டி அளவு ஒன்றே. செறிவு நான்கு மடங்கு.

இரத்தச் சர்க்கரை அறிக்கையிலும் இவ்வேறுபாடு உண்டு. 126 மில்லிகிராம் என்று நாம் சுருக்கிச் சொல்வது உண்மையில் ஒரு டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம். உடலில் மொத்தம் அவ்வளவே சர்க்கரை உள்ளது என்று அதற்குப் பொருளன்று. மில்லிகிராம் என்ற நிறை அலகு அதில் இருந்தாலும், பருமனால் வகுக்கப்பட்டதால் அது செறிவாகிவிட்டது. பிரிட்டனில் அதே இரத்தத்தைச் சோதித்தால் அறிக்கை 7.0 என்று வரும். அங்கே சர்க்கரையின் நிறைக்குப் பதிலாக மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் மோல் என்னும் அலகால், லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று எழுதுவர். 126ஐ 18ஆல் வகுத்தால் 7 வரும். பிரிட்டனிலிருந்து அறிக்கை அனுப்பும் மகனும் ஊரில் அதைப் படிக்கும் தந்தையும் இந்தப் பதினெட்டை அறிந்திருப்பது நல்லது.

நம் பெட்டியிலுள்ள பொன்

இறுதியாக, ஒவ்வொரு ரமளானிலும் நம்மில் பலர் போடும் கணக்குக்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி மத்ஹபும் வழங்குகின்றன. அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் இவ்விரு மத்ஹபுகளும் வேறுபடுவது அனைவரும் அறிந்ததே. அவ்விவாதத்தைத் தவிர்க்க, சேமிப்பாக மட்டுமே வைத்திருக்கும் பொன்னை எடுத்துக்கொள்வோம். வேறு பணமோ வெள்ளியோ இல்லை என்றும் கொள்வோம்.

ஒருவரிடம் 22 காரட் பொன் 11 பவுன், அதாவது 88 கிராம் உள்ளது. இதிலுள்ள தூய பொன் 24இல் 22 பங்கு: 80.67 கிராம். தூய பொன்னே கணக்கு என்னும் ஷாஃபிஈ நிலையில், 85 கிராம் நிஸாபை அது எட்டவில்லை. எட்ட வேண்டுமாயின் 22 காரட் பொன் 92.73 கிராம் தேவை. பொன் மிகுந்த கலவை பொன்னே என்னும் ஹனஃபி நிலையில் 88 கிராமும் கணக்கில் வரும். 85 கிராம் என்ற கணக்கிலும், நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் பலர் கூறும் ஏழரைத் தோலா, அதாவது 87.48 கிராம் என்ற கணக்கிலும் நிஸாப் நிறைந்துவிடுகிறது. ஒரே பெட்டி, ஒரே எடை. மாற்றைக் கையாளும் முறையால் தீர்ப்பு மாறுகிறது. அவரவர் தம் மத்ஹபின் ஆலிம்களிடம் தீர்ப்பைக் கேட்டறிய வேண்டும். ஆனால் ஆலிமிடம் செல்லும்போது எடையை மட்டும் சொல்லி, மாற்றைச் சொல்ல மறந்துவிடலாகாது.

கொடுக்கும் நேரத்திலும் ஒரு பிழை நேர்வதுண்டு. 96 கிராம் 22 காரட் பொன்னில் 88 கிராம் தூய பொன். நாற்பதில் ஒரு பங்கு, 22 காரட்டாகக் கணக்கிட்டால் 2.4 கிராம், தூய பொன்னாகக் கணக்கிட்டால் 2.2 கிராம். இரண்டின் மதிப்பும் ஒன்றே. ஆனால் 2.2 கிராமை 22 காரட் விலையால் பெருக்கிவிட்டால் ஏழையின் பங்கில் பன்னிரண்டில் ஒன்று குறைந்துவிடும். 2.4 கிராமைத் தூய பொன் விலையால் பெருக்கினால் பதினொன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போகும். கூடுதல் தர்மமாகும், குறைவு கடனாக நிற்கும். எந்த மாற்றின் எடையோ அதே மாற்றின் விலை என்பதே விதி.

நகையில் கல் பதித்திருந்தால் கல்லின் எடையையும் கழிக்க வேண்டும். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் கைபரில் வாங்கப்பட்ட அந்தக் கழுத்தணியின் பாடம் இன்றும் அதுவே.

இந்தியாவில் 2021 ஜூன் முதல் படிப்படியாக நகைகளுக்குத் தர முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. 22 காரட் நகையில் காணும் 916 என்ற எண், ஆயிரத்தில் 916 பங்கு பொன் என்று சொல்கிறது. இப்னு பஃராவின் உலையும், அல்காஸினீயின் நீர்த் தராசும், அபுல் ஃபஸ்ல் விவரித்த உரைகல்லும் தேடியது அந்த எண்ணைத்தான். அஸ்ஃபிஸாரீயின் தராசை உடைத்த காவலரைப் போல் அதை அஞ்ச வேண்டியவர் ஏமாற்றுபவர் மட்டுமே. மற்றவர்களுக்கு நீதியாக நிறுக்கும் கடமை தராசு முள்ளோடு முடிந்துவிடுவதில்லை. எவ்வளவு என்று கேட்டபின், அதில் எத்தனை பங்கு என்றும் கேட்க வேண்டும்.